மதூர் ஜாஃப்ரி நம் ஊருக்கு எதற்கு?

ஆகஸ்ட் 9, காலை

தல்லாகுளத்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "மகள் கல்யாணத்துக்கு யாரோ மதூர் ஜாஃப்ரியின் சமையல் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். விசாரித்தால் இந்த அம்மா டெல்லிக்காரர், சினிமா நடிகை, இருபது வயசு வரைக்கும் சமைக்கவே தெரியாதவராம். போதாததற்குக் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகமும் எழுதியிருக்கிறாராம். சமைக்கத் தெரியாதவர் எழுதியதை வைத்து மதுரைக்காரி என்ன செய்வது? நம்மிடம் இல்லாத சமையலா?"

சமைக்கத் தெரியாமல் இருந்ததால்தான் அவரால் எழுத முடிந்தது என்பது என் கட்சி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராத்திரி எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9, இரவு

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். 1933 ஆகஸ்ட் 13 அன்று டெல்லியில், பெரிய கூட்டுக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்ததும் பாட்டி விரலைத் தேனில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் 'ஓம்' என்று எழுதினாராம். நம் பக்கம் சேனை தொட்டு வைக்கிறோமே, அதே வழக்கம்தான். யார் கையால் சேனை வைக்கிறோமோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார் என் மாமியார். ஜாஃப்ரிக்குப் பாட்டியிடமிருந்து கதை வந்தது. அந்த வீட்டில் பாட்டியும் அத்தைமாரும் பெரியம்மாக்களும் சொல்லிக் கேட்டவற்றைத்தான் பின்னாளில் குழந்தைகளுக்கு எழுதினார்.

சமையல் மட்டும் வரவில்லை. பள்ளியில் கற்றுக்கொடுத்தது வெள்ளைக்காரர்களின் பத்தியச் சாப்பாடு. பாலையும் மாவையும் காய்ச்சி ஆறவைக்கும் பிளாமாஞ்ச் மாதிரி ஏதேதோ. தேர்வு நாளில் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் நம் ஊர் மசாலாச் சாமான்களையும் கொடுத்துச் சமைக்கச் சொன்னால் அந்தப் பெண் என்ன செய்யும்? தேர்வு மோசமாகப் போயிற்று.

பிறகு மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம். அதன் பின் லண்டனில் ராடா என்கிற நாடகப் பள்ளி, 1955 முதல் 1957 வரை. அங்கே சாப்பாடு வாயில் வைக்க விளங்காமல் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். எப்படிச் சமைப்பது என்று அம்மா இந்தியில் பதில் எழுதினார். விமானத் தபாலில் வந்த அந்தக் கடிதங்களை வைத்துத்தான் சமையல் படித்தார். பக்கத்தில் நின்று "இப்ப இறக்கு, இப்ப கிளறு" என்று சொல்ல ஆளில்லை. எழுத்து மட்டும்தான் துணை.

இந்த இடம்தான் எனக்கு முக்கியம்.

ஆகஸ்ட் 10

நேற்று விட்ட இடத்திலிருந்து. என் மகள் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். போன மாசி மாதம் ஒரு ராத்திரி போன் பண்ணி, உப்புக்கறி எப்படிம்மா என்றாள். நான் சொன்னேன்: சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கு, வர மிளகாயைக் கிள்ளிப் போடு, கறியைப் போட்டுப் பிரட்டு, தண்ணீர் சுண்டுற வரைக்கும் வேகவிடு, எண்ணெய் பிரிஞ்சதும் இறக்கு. இதில் என்ன குறை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: வெங்காயம் எந்த நிறத்துக்கு வதங்க வேண்டும்? மூடி போடவா, வேண்டாமா? விதையைத் தட்டிவிட்டு மிளகாயைப் போடுவதா, விதையோடா? எண்ணெய் பிரிவது பார்க்க எப்படி இருக்கும்?

விதையைத் தட்டிவிட்டுத்தான் போடுவோம். காரம் அடங்கி மிளகாய் வாசம் மட்டும் கறியில் ஏறும். இதை நான் யாருக்குமே சொன்னதில்லை. அடுப்படியில் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜாஃப்ரி இதையெல்லாம் எழுதுவார். பாத்திரம் எத்தனை அகலம், தீ எவ்வளவு, எத்தனை நிமிடம், நிறம் எப்படி மாறும், மாறாவிட்டால் என்ன செய்வது என்று ஒன்றையும் விடமாட்டார். அம்மியும் ஆட்டுக்கல்லும் இல்லாத அமெரிக்க வீட்டில் இஞ்சி பூண்டை மிக்ஸியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்துக்கொள் என்று 1973ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறார். முழித்துக்கொண்டு நிற்பவர் மனசில் எந்தக் கேள்வி எழும் என்று அவருக்குத் தெரியும். ஒரு காலத்தில் அவரே அப்படி நின்றவர்.

ஆகஸ்ட் 10, கொஞ்ச நேரம் கழித்து

"நடிகை வேறு" என்று கேட்டதை மறந்துவிட்டேன் பாருங்கள். நடிப்பு அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை. முதலில் கற்ற தொழிலே அதுதான். ஜேம்ஸ் ஐவரி இயக்கி இஸ்மாயில் மெர்ச்சன்ட் தயாரித்த 'ஷேக்ஸ்பியர் வாலா' படத்துக்காக 1965 பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது வாங்கினார். அடுத்த ஆண்டு நியூயார்க் டைம்ஸின் சாப்பாட்டுப் பகுதி ஆசிரியர் கிரெய்க் கிளைபோர்ன், 'சமையலறையிலும் இவர் நட்சத்திரம்தான்' என்கிற மாதிரி தலைப்பிட்டு அவரைப் பற்றி எழுதினார். சமையல் புத்தகம் எழுதச் சொல்லிக் கேட்டு வரக் காரணம் அந்தக் கட்டுரைதான்.

அந்த வருடங்கள் சுகமானவையும் இல்லை. நடிகர் சயீத் ஜாஃப்ரியோடு இருந்த மணவாழ்க்கை 1966இல் முறிந்தது. மூன்று பெண் குழந்தைகளையும் கொஞ்ச காலம் டெல்லியில் பெற்றோரிடம் விட்டிருந்தார். நடிப்பில் நிலையான வருமானம் கிடையாது. பத்திரிகைகளுக்கு எழுதிச் சம்பாதித்தார். 1969இல் வயலின் கலைஞர் சான்ஃபோர்ட் ஆலனை மணந்தார். முதல் சமையல் புத்தகம் 1973இல் வந்தது, நாஃப் பதிப்பகம், பதிப்பாசிரியர் ஜூடித் ஜோன்ஸ். அப்போது அவருக்கு வயது நாற்பது. நாற்பதில் ஒரு பெண் இரண்டாவது தொழிலைத் தொடங்கி அதில் உலகப் பெயர் வாங்குவது சின்ன விஷயமா?

ஆகஸ்ட் 12

தேனியிலிருந்து ஒருவர்: "வெள்ளைக்காரனுக்காகக் காரம் குறைத்து எழுதியவர்தானே? பிபிசியில் வந்ததால் பேர், அவ்வளவுதான்."

பிபிசி தொடர் 1982இல் வந்தது. அதில் கொத்தமல்லித் தழை போட்ட எலுமிச்சைக் கோழியைச் செய்து காட்டிய மறுநாள் மான்செஸ்டர் கடைகளில் கொத்தமல்லியே மிஞ்சவில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்தத் தொடரோடு வந்த புத்தகத்தில் காரம் நமக்குக் குறைவுதான். அவர் சொன்னபடி மிளகாய்த்தூளைப் போட்டால் எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் காரத்தை நாம் கூட்டிக்கொள்ளலாம். செய்முறையில் ஒரு படியை விட்டுவிட்டு எழுதியிருந்தால் அதை எங்கே போய்த் தேடுவது? அப்படி அவர் விட்டதாக நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 15

கதைப் புத்தகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு அதைத்தான் அதிகம் பேச வேண்டும்.

'சீசன்ஸ் ஆஃப் ஸ்ப்ளெண்டர்' 1985இல் வந்தது. படங்கள் மைக்கேல் ஃபோர்மன். கதைகளை வருடத்தின் பண்டிகை வரிசையில் அடுக்கியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தன் வீட்டில் அந்தப் பண்டிகை எப்படி நடந்தது, யார் கதை சொன்னார்கள், பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்று கொஞ்சம் எழுதுவார். அப்புறம்தான் கதை. சாவித்திரி சத்தியவான், கிருஷ்ணன், ராமன், பிள்ளையாருக்கு யானைத்தலை வந்தது எல்லாம் உண்டு.

எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். இதிலிருந்து தீபாவளிக் கதையை எடுத்துத் தமிழில் சொன்னேன். ராணியின் முத்துமாலையைக் காகம் தூக்கிப் போகிறது. துணி வெளுக்கும் ஏழைப் பெண்ணுக்கு அது கிடைக்கிறது. பரிசாக அவள் பணம் கேட்கவில்லை. தீபாவளி ராத்திரி என் வீட்டைத் தவிர ஊரில் எங்கும் விளக்கெரியக் கூடாது என்கிறாள். லட்சுமி வருகிறாள், எங்கும் இருட்டு, இவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். ஏழு தலைமுறை இருப்பதாக வாக்குக் கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்கிறாள் இவள். அதுவரை அந்த வீட்டில் குடியிருந்த வறுமை, லட்சுமியோடு ஒரே வீட்டில் இருக்க முடியாமல் கொல்லைப்புறமாக ஓடுகிறது.

"அது மூதேவி, டீச்சர்!" என்று ஒரு பையன் எழுந்து கத்தினான். எங்கோ டெல்லி வீட்டுக் கதை, செல்லூர்ப் பையனுக்கு அரை நிமிடத்தில் சொந்தமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

சமையல் புத்தகத்தில் செய்வதைத்தான் இங்கேயும் செய்கிறார். பாட்டி மடியில் உட்கார்ந்து கேட்காத பிள்ளைக்காக எழுதுகிறார். அந்தப் பிள்ளைக்குப் பண்டிகையே தெரியாது. அதனால் முதலில் வீட்டைக் காட்டுகிறார், விளக்கைக் காட்டுகிறார், பிறகு கதையைத் தொடங்குகிறார்.

ஆகஸ்ட் 16

ஒருவர் சரியாகவே சுட்டிக்காட்டுகிறார்: அவை வடநாட்டு இந்து வீட்டுக் கதைகள், இந்தியக் கதைகள் என்று பொதுப்பெயர் கொடுத்துவிட முடியாது. உண்மை. ராவணனைப் பற்றி அவர் வீட்டில் சொன்னதும் நம் ஊர்களில் சொல்வதும் ஒன்றாக இருக்காது. ஆனால் இது என் வீட்டில் சொன்ன கதை என்றுதான் அவர் ஒவ்வொரு பண்டிகையிலும் முன்னாலேயே சொல்லிவிடுகிறார். அதனால் எனக்கு இது குறையாகப் படவில்லை. நம் வீட்டுக் கதையை நாம் எழுதாமல் இருப்பதுதான் குறை.

அவருடைய இளமை நினைவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 'கிளைம்பிங் தி மேங்கோ ட்ரீஸ்' என்ற புத்தகம். பள்ளியில் வெவ்வேறு மதத்துத் தோழிகள் மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டதும், பிரிவினை வந்து அந்த வட்டம் கலைந்ததும் அதில் இருக்கிறது. ஒருத்தி டப்பாவில் இருந்ததை இன்னொருத்தி ருசி பார்த்த நினைவுகளைக் கொண்டே நாடு உடைந்த கதையைச் சொல்கிறார். எங்கள் தெற்குவாசல் பள்ளிக்கூடத்தில் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளையின் புளியோதரையும் முஸ்லிம் தோழியின் நெய்ச்சோறும் என் டப்பாவுக்கு வந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

ஆகஸ்ட் 19

"அப்படியானால் நம் மீனாட்சி அம்மாள் எதில் குறைந்தவர்?"

எதிலும் குறைந்தவர் இல்லை. இந்தப் பேச்சில் அவரை முதலிலேயே கொண்டுவந்திருக்க வேண்டும். எஸ். மீனாட்சி அம்மாள் இளம் வயதில் கணவரை இழந்தவர். சமையலுக்குப் பேர்போனவர். உறவுக்காரர்கள் கடிதம் எழுதிக் குறிப்புக் கேட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்து, புத்தகமாகவே போடு என்று தூண்டியவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். 1951இல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. கல்யாணமாகி டெல்லிக்கும் பம்பாய்க்கும் போன பெண்களின் பெட்டியில் புடவைகளோடு அதுவும் போயிற்று.

ஒருவர் கடிதத்தில் குறிப்பு அனுப்பியவர், மற்றவர் கடிதத்தில் குறிப்பு வாங்கியவர். வீட்டை விட்டுத் தூரம் போனவர்கள் கேட்டதால்தான் இரண்டு பேர் புத்தகமும் பிறந்தன.

வித்தியாசமும் உண்டு. மீனாட்சி அம்மாள் ஒரு சமூகத்தின் சைவச் சமையலை முழுமையாகக் கொடுத்தார். ஆழாக்கு, பலம் என்கிற பழைய அளவுகள் தெரிந்த வாசகிக்கு எழுதினார். ஜாஃப்ரி ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் அடுப்படியிலும் நின்று கற்று எழுதினார். மதுரையை நினைத்துப் பாருங்கள். கறிதோசை, அயிரைமீன் குழம்பு, கோலா உருண்டை, சௌராஷ்டிர வீடுகளின் பலகாரம், காஜிமார் தெரு வீடுகளின் பெருநாள் சமையல் என்று எத்தனை அடுப்படிகள்! எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பொறுமையாக எழுத ஆள் வேண்டும். காணொளிகள் ஏராளம் இருக்கின்றன, தெரியும். அவற்றில் கை தெரிகிறது, கணக்குத் தெரிவதில்லை.

ஆகஸ்ட் 20

சிம்மக்கல் நண்பரின் கேள்வி என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. "அந்தப் பெரிய வீட்டில் சமைத்தது யார்? சமையல்காரர்கள்தானே? அவர்கள் பெயர் எந்த அட்டையில் இருக்கிறது?"

நியாயமான கேள்வி. வசதியான குடும்பம், தினசரிச் சமையலுக்கு ஆட்கள் இருந்தார்கள். குடும்பத்துப் பெண்கள் மேற்பார்வை பார்த்தார்கள், சில பக்குவங்களைத் தாங்களே செய்தார்கள். புத்தகத்துக்குள் போன ருசியில் கூலிக்குச் சமைத்தவர்களின் கைப்பக்குவமும் உண்டு. இதைச் சொல்லாமல் ஜாஃப்ரியைப் புகழ்ந்துகொண்டே போவது எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் உறவில் ஒரு கல்யாணச் சமையல்காரர் இருந்தார். ஐந்நூறு இலைக்குச் சாம்பார் என்றால் பருப்பை அண்டாவில் கொட்டும்போதே அளவு சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவர் போனதோடு அந்தக் கணக்கும் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள எங்கள் வீட்டில் படித்தவர்கள் இத்தனை பேர் இருந்தோம். யாருக்கும் தோன்றவில்லை.

எழுதுகிறவர் யாரிடம் கற்றாரோ அவர் பெயரையும் எழுத வேண்டும். இதில் நான் நண்பர் பக்கம்.

ஆகஸ்ட் 24

பிட்டுத் திருவிழாவுக்குப் புட்டுத்தோப்புக்குப் போய்விட்டு வந்தேன். கூட்டத்தில் நின்றபடி இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கதையும் சமையலும் ஒன்றாக இருக்கிற பண்டிகை நமக்கும் இருக்கிறதே! பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் பாடிய வந்திக் கிழவியின் கதை. வைகை கரை உடைக்கிறது, வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவிக்கு ஆளில்லை. சிவபெருமான் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொள்கிறார். சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். பிரம்படி விழுகிறது. அடி எல்லார் முதுகிலும் விழுகிறது.

முந்தின நாள் நூலகத்தில் இதைச் சொன்னபோது ஒரு சிறுமி கேட்டாள்: "பிட்டு ஏன் உதிர்ந்துச்சு?" சாமி நினைத்தார், உதிர்ந்தது என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் குறைந்தாலும் உதிரும் என்றேன். எப்படி என்றாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் பிட்டைப் பற்றியேதான் பேச்சு.

ஜாஃப்ரியிடம் கற்ற வழியில் எழுதிப் பார்க்கிறேன். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணியில் உலர்த்துங்கள். கையில் ஒட்ட வேண்டும், ஆனால் தண்ணீர் தெரியக் கூடாது. இடித்துச் சலித்து, சிறு தீயில் நிறம் மாறாமல் வறுங்கள். கோலம் போட வருகிற பதத்தில் மாவு விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு தம்ளர் மாவுக்குச் சுமார் கால் தம்ளர் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்துப் பிசிறுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். கட்டி தட்டினால் சல்லடையில் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். ஈரத்துணியில் பரப்பிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில். தொட்டால் மாவு விரலில் ஒட்டக் கூடாது. பொடித்த வெல்லம், தேங்காய்ப் பூ, ஏலம், கொஞ்சம் நெய்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் மாமியார். அவருக்கு ஆரப்பாளையத்தில் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு ஆத்தா.

ஆகஸ்ட் 25

"பாகு வைத்து ஊற்றினால்தான் பிட்டு" என்று மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். பாகு ஊற்றினால் மறுநாளும் இருக்கும், பொடித்துப் போட்டால் அன்றைக்கே சாப்பிட வேண்டும். உங்கள் வீட்டுப் பாகு என்ன பதம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தண்ணீரில் விட்டால் உருளுமா, கரையுமா என்று.

செப்டம்பர் 2

பேத்தி வயதுப் பெண் ஒருத்தி, இந்த அம்மா ராப் பாட்டு வீடியோவில் வந்தவர்தானே என்று கேட்கிறாள். ஆமாம்மா, அவரேதான். 2019இல், எண்பத்தைந்து வயதில், மிஸ்டர் கார்டமம் என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்த இளைஞரின் 'நானி' பாட்டில் வாய் துடுக்கான பாட்டியாக நடித்தார். அந்த இளைஞர் ஜோரான் மம்தானி, பிறகு நியூயார்க் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அதே 2019இல் மின்சார பிரஷர் குக்கருக்கென்று தனியாக ஒரு சமையல் புத்தகமும் போட்டார். புதிதாக ஒரு பாத்திரம் வந்துவிட்டதா, அதில் பருப்பு எத்தனை நிமிடத்தில் வேகும் என்று பார்த்துச் சொல்லிவிட வேண்டும் அவருக்கு. 2022இல் பத்மபூஷண் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 5

தல்லாகுளத்து வாசகி மறுபடி வந்திருக்கிறார். பரிசாக வந்தது 1981இல் வெளியான சைவப் புத்தகமாம். வீட்டில் எல்லாரும் கறி சாப்பிடுகிறவர்கள், என்ன பிரயோஜனம் என்கிறார். மகள் எந்த ஊரில் குடியிருக்கப் போகிறாள் என்று சொல்லவே இல்லையே? வெளியூர் என்றால் அதுவே முதலில் உதவும். பருப்பு, தயிர், காய்கறி, முட்டை எல்லாம் அதில் உண்டு. ஜப்பான், சீனா வரைக்கும் போகிறது. கறிச் சமையலுக்கு 1973 புத்தகத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். உப்புக்கறி மட்டும் அதில் கிடைக்காது. அதை நீங்கள்தான் மகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், மிளகாய் விதையைத் தட்டிவிட்டுப் போட வேண்டும் என்பது உட்பட.